ஜோகுபாளையத்திலிருந்து சந்தாபுரா ஏரிக்கு: தம்பியின் படகைப் பார்த்துவிட்டு வந்தோம்

மூன்று மாதமாக இந்தப் பக்கத்தில் நான் எதுவும் எழுதவில்லை. என்ன ஆயிற்று என்று சிலர் கேட்டிருந்தீர்கள். என் தம்பி குணசேகரன் ஐப்பசி மழையில், பெங்களூருவில், தான் வேலை பார்த்த ஏரியிலேயே இறந்துபோனான். நாற்பத்தொரு வயது. அதற்குப் பிறகு அருவி, மலைக்கோட்டை என்று எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

தை மாதம் இரண்டாவது சனிக்கிழமை, அவன் மனைவி லலிதாவோடு அந்த ஏரிக்குப் போய்வந்தேன். சுற்றிப் பார்க்கிற இடமில்லை அது. ஆனாலும் எழுதுகிறேன். ஏரியிலோ காயலிலோ சின்னப் படகு வைத்திருப்பவர்கள் உங்களில் சிலராவது இருப்பீர்கள். அவர்களுக்கு இதில் தெரிந்துகொள்ள ஒன்று இருக்கிறது.

குணா, ஏரிகளில் ஆகாயத்தாமரை அள்ளும் ஒரு கான்ட்ராக்டரிடம் பதினோரு வருடம் படகு ஓட்டினான். பதினாறு அடி ஃபைபர் படகு. எந்தப் படகாக இருந்தாலும் அடியில் மழைத் தண்ணீரும் கசிவுத் தண்ணீரும் சேரும். அதை வெளியே தள்ள பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன பம்ப் உண்டு. பில்ஜ் பம்ப் என்பார்கள். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இருப்பது போல அதற்கும் ஒரு ஃப்ளோட் சுவிட்ச். தண்ணீர் ஏறினால் மிதவை எழும், பம்ப் ஓடும். தண்ணீர் வடிந்தால் மிதவை விழும், பம்ப் நிற்கும். யாரும் இல்லாத நேரத்தில் படகைக் காப்பாற்றுவது இதுதான்.

அந்த வாரம் ஞாயிறு விடுமுறை. திங்கள் காலை ஏழு மணிக்குக் குணா போய்ப் பார்த்தபோது, கரையிலிருந்து இருபதடி தள்ளிக் கட்டியிருந்த படகு பின்பக்கமாக அமிழ்ந்துகொண்டிருந்தது. பேட்டரி செத்துக் கிடந்தது. தண்ணீரை இறைக்க பக்கெட்டோடு ஏரியில் இறங்கினான். அடியில் சேறு. கூட வேலை செய்யும் நாகராஜ் எட்டு மணிக்கு வந்தபோது பக்கெட் மட்டும் மிதந்தது.

காரியம் நடந்த வீட்டுக்கு வந்த சூப்பர்வைசர், வாசலில் நின்றே சொன்னார்: "பம்ப் சுவிட்ச ஆன்லயே விட்டுட்டுப் போயிட்டாரும்மா. தண்ணி இல்லாமயே ஓடி ஓடி பேட்டரி காலி. மழ வந்தப்ப பம்ப் ஓடல. நாங்க என்ன பண்றது?" எனக்கு அப்போது அது காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. லலிதாவுக்கு விழுந்திருக்கிறது.

பொங்கல் முடிந்து அவளே போன் செய்தாள். "அண்ணி, அந்தப் படக நான் பாக்கணும். நீங்க வந்தா போலாம். தனியா போனா என்னால நிக்க முடியாது."

வெள்ளி மாலை காட்பாடியில் ரயில் ஏறினேன். முன்பதிவில்லாத பெட்டியில் எண்பத்தைந்து ரூபாய், மூன்று மணி நேரம். ஜன்னலோரம் கிடைத்தது. பெங்களூரு கன்டோன்மென்டில் இறங்கி, லலிதா வீடு இருக்கும் ஜோகுபாளையத்துக்கு ஆட்டோ. நான்கு கிலோமீட்டருக்கு நூற்றிருபது கேட்டார், நூறுக்கு வந்தார். முன்பெல்லாம் இந்த ஸ்டேஷனில் குணா காத்திருப்பான். நான் வெளியே வரும் வாசலை விட்டுவிட்டு எப்போதும் வேறு வாசலில் நின்றுகொண்டு, "எங்க இருக்க?" என்று போன் செய்வான். நான் அன்று இரண்டு வாசலையும் பார்த்துவிட்டுத்தான் ஆட்டோ பிடித்தேன். ஏன் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

சனிக்கிழமை காலை மகளை எதிர்வீட்டில் விட்டுவிட்டு லலிதா கிளம்பினாள். ஏழு பத்துக்கு அல்சூர் மெட்ரோ. மெஜஸ்டிக்கில் பச்சைத் தடத்துக்கும், ஆர்.வி. ரோட்டில் மஞ்சள் தடத்துக்கும் மாறி, பொம்மசந்திரா வரை ஒரே டிக்கெட், தொண்ணூறு ரூபாய். மஞ்சள் தடம் வருவதற்கு முன்பு குணா இந்தத் தூரத்தை இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தான். சில்க் போர்டு நெரிசலில் மட்டும் முக்கால் மணி நேரம் போகும் என்பான். இப்போது அந்த நெரிசலுக்கு மேலே மூன்று நிமிடத்தில் கடந்தோம்.

அந்த மூன்று நிமிடத்தில்தான் லலிதா வாயைத் திறந்தாள்.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லல. அந்த சனிக்கெழம நாலரைக்கு நான்தான் அவருக்கு போன் பண்ணேன். சித்தி பொண்ணுக்கு வளைகாப்பு. 'எப்பப் பாத்தாலும் ஏரி ஏரின்னு கெடக்குற, இன்னிக்காவது நேரத்துக்கு வந்து சேரு'ன்னு கத்திட்டேன். அஞ்சு மணிக்கே கெளம்பிட்டாரு. எப்பவும் அஞ்சரை, ஆறு ஆவும்."

நான் அவள் கையைப் பிடித்தேன். விடுவித்துக்கொண்டாள்.

"அவசரத்துல சுவிட்ச மறந்திருப்பாருல்ல? நான் கத்தாம இருந்தா பாத்துட்டு வந்திருப்பாருல்ல? அத தெரிஞ்சிக்கணும். அதுக்குத்தான் போறேன்."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல நினைத்தேன். ஆனால் எனக்கு என்ன தெரியும்? படகு பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

எட்டே முக்காலுக்கு பொம்மசந்திரா. அங்கிருந்து சந்தாபுரா தாண்டி ஆனேக்கல் சாலையில் ஏரி ஒன்பது கிலோமீட்டர். பெயரை விட்டுவிடுகிறேன், காரணம் உங்களுக்கே புரியும். ஆட்டோக்காரரிடம் லலிதா கன்னடத்தில் பேசி இருநூற்றைம்பதுக்கு முடித்தாள். பாதி வழியில் அவர் தமிழுக்கு மாறினார். "அங்க பார்க் கூட இல்லையே மேடம், என்னா பாக்கப் போறீங்க?" என்றார். "எங்க ஊட்டுக்காரர் வேல செஞ்ச எடம்" என்றாள். அவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இறக்கிவிட்டு இருநூறு போதும் என்றார்.

நாகராஜ் கேட்டிலேயே நின்றிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். அத்திப்பள்ளிக்காரர், வீட்டில் கன்னடம், குணாவோடு ஆறு வருடம் இருந்ததில் தமிழ் சரளமாகியிருந்தது. லலிதாவைப் பார்த்ததும் கும்பிட்டார். "வாங்கக்கா" என்று படகுப் பக்கம் கூட்டிப்போனார்.

படகு கரையில் செங்கல் மேல் ஏற்றி, நீலத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. அவர் தார்ப்பாயை விலக்கினார். நான் நினைத்ததைவிடச் சின்னப் படகு. பின்பக்கம் பேட்டரி வைக்கும் மரப்பெட்டி. அதன் மூடியின் உள்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் மூன்று வரி: "12.6 நல்லா இருக்கு. 12.2 சார்ஜ் போடு. 11.8 செத்துது." மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டிய வோல்ட் கணக்கு. கையெழுத்து குணாவுடையது. ஐந்தாம் வகுப்பில் அவனுக்கு நான்தான் கையெழுத்துப் பயிற்சி நோட்டு வாங்கித் தந்தேன். 'செ' எழுதும்போது கொம்பை உள்ளே மடித்துவிடுவான். கடைசிவரை திருந்தவில்லை.

லலிதா நேராகக் கேட்டாள். "சுவிட்ச் எங்க இருக்குது?"

நாகராஜ் காட்டினார். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பெட்டி. மழைக்காக அதைச் சுற்றிக் கறுப்பு இன்சுலேஷன் டேப்.

"இத யாராவது தொறந்தாங்களா?"

"இல்லக்கா. கரைக்கு இழுத்து மூடினது நான்தான். அதுக்கப்புறம் யாரும் கை வெக்கல. ஆபீஸ்லேந்து ஒருத்தரு வந்தாரு, தூரத்துல நின்னு போட்டோ எடுத்துகினு போயிட்டாரு."

லலிதா குனிந்து டேப்பின் நுனியைத் தடவினாள். நுனி உள்பக்கமாக மடித்து ஒட்டியிருந்தது, அடுத்த முறை பிரிக்க வசதியாக. "இது அவரு சுத்துனது. எங்க ஊட்ல மிக்சி ஒயரு, கொட, எல்லாத்துலயும் இப்படித்தான் மடிச்சி வெச்சிருப்பாரு" என்றாள். அந்த மடிப்பைப் பிடித்து அவளே பிரித்தாள்.

உள்ளே திருகும் குமிழ் ஒன்று. மூன்று நிலை. ஒரு பக்கம் திருப்பினால் பம்ப் நிற்காமல் ஓடும். நடுவில் ஆஃப். மறுபக்கம் ஆட்டோ, அதாவது மிதவை சொல்கிறபடி. குமிழ் ஆட்டோவில் இருந்தது.

"இதுலதான் இருக்கணுமா?" என்றாள்.

"ஆமாக்கா. இதான் கரெக்ட். படக விட்டுட்டுப் போறப்ப ஆட்டோலதான் விடணும். அண்ணா சரியாத்தான் விட்டுட்டுப் போயிருக்காரு."

லலிதா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அப்ப பேட்டரி ஏன் செத்துது?" என்றாள்.

நாகராஜ் படகுக்குள் இறங்கி, அடிப்பலகையைத் தூக்கினார். அங்கேதான் பம்பும் மிதவையும். மூன்று மாதத்தில் எல்லாம் காய்ந்து மண் பூத்திருந்தது. மிதவை கீழே கிடக்க வேண்டும். அது மேலே தூக்கியபடி நின்றது. அதன் கீலைச் சுற்றி ஆகாயத்தாமரை வேரும், ஒரு பால் பாக்கெட்டின் கிழிந்த துண்டும் கயிறு போல முறுக்கிக்கொண்டிருந்தன. நாகராஜ் விரலால் மிதவையை அழுத்தினார். இறங்கவில்லை.

பிறகு பம்பைக் கழற்றிக் காட்டினார். உள்ளே சுழலும் பாகம் சூட்டில் உருகி ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. தண்ணீர் இல்லாமல் மணிக்கணக்கில் ஓடியதன் அடையாளம் அது. அவர் கணக்குச் சொன்னார்: பம்ப் மணிக்கு மூன்று ஆம்பியர் தின்னும், பேட்டரியில் மொத்தமே அறுபத்தைந்துதான். இருபது, இருபத்தொரு மணி நேரத்தில் ஒன்றும் மிஞ்சாது.

"இது எப்ப மாட்டியிருக்கும்?" என்று நான் கேட்டேன்.

"அண்ணா கெளம்பறப்ப மாட்டியிருக்காதும்மா. மாட்டியிருந்தா பம்ப் ஓடிகினே இருந்திருக்கும், சத்தம் கரை வரைக்கும் கேக்கும். அவரு போன அப்புறம் மழ வந்து தண்ணி ஏறிச்சு, மிதவ மேல போச்சு, குப்பையும் கூடவே மெதந்து வந்து சுத்திக்கிச்சு. தண்ணி வடிஞ்சதும் மிதவ எறங்கல. அப்படித்தான் இருக்கணும்."

"சனிக்கெழம மழ வந்துச்சா?" என்றேன்.

லலிதாதான் பதில் சொன்னாள். "வந்துச்சி அண்ணி. எட்டு மணி இருக்கும். வளைகாப்புக்கு வெளிய போட்ட சேரெல்லாம் உள்ள தூக்கினோம்."

"இங்கயும் அந்த நேரத்துக்குத்தான்" என்றார் நாகராஜ்.

"அவரும்தான் சேர் தூக்கினாரு" என்றாள் லலிதா. "என் பக்கத்துலதான் இருந்தாரு."

சனி எட்டு மணிக்கு ஓட ஆரம்பித்த பம்ப், ஞாயிறு மாலை ஐந்து மணி வாக்கில் பேட்டரியைக் குடித்து முடித்திருக்கிறது. ஞாயிறு ராத்திரிதான் பெருமழை.

இத்தோடு முடிந்திருந்தால் நாங்கள் கொஞ்சம் லேசாகத் திரும்பியிருப்போம். ஆனால் லலிதா விடவில்லை. அவளுக்கு அவன் வேலை தெரியும். பதினோரு வருடம் அவன் சாப்பிடும்போது சொன்னதையெல்லாம் கேட்டவள்.

"நாகராஜ், சாயந்திரம் கெளம்பறப்ப அடியில இருக்கிற குப்பைய அள்ளிப் போட்டுட்டுத்தான வருவாரு?"

நாகராஜ் பம்பைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஆமாக்கா. அள்ளுவாரு."

"அன்னிக்கி?"

"அன்னிக்கி நான் மத்தியானமே போயிட்டேன். எனக்குத் தெரியாதுக்கா."

அள்ளினார் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தக் கணம் அவர் மேல் கோபம் வந்தது. இப்போது இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "அள்ளினாலும் வேரு நூல் மாதிரி எங்கயாவது ஒட்டிகினு இருக்கும். நானே எத்தன தடவ பாத்திருக்கேன். அக்கா, திங்கக்கெழம நான் ஏழு மணிக்கே வந்திருந்தா... அதத்தான் நானும் டெய்லி நெனைக்கிறேன்."

லலிதா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "உன் டூட்டி எட்டு மணிக்குத்தானப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் அவர் தலையைக் குனிந்துகொண்டு போய் ஏரியைப் பார்த்து நின்றார். தனக்குச் சொல்லிக்கொள்ள முடியாததை அவருக்குச் சொன்னாள் என்று எனக்குப் பட்டது.

ஏரியில் இப்போது வேறு படகு. நாகராஜ் ஒற்றை ஆளாக ஓட்டுகிறார். அதே மாதிரி பம்ப், அதே மாதிரி மிதவை. லலிதா அதைத் திறந்து காட்டச் சொன்னாள். உள்ளே ஒரு பிடி வேர், இரண்டு குட்கா உறை. "இதுல மாட்டாதா?" என்றாள்.

பிறகு நடந்தது எங்கள் திட்டத்தில் இல்லாதது. நாகராஜின் வண்டியில் லலிதா சந்தாபுராவுக்குப் போனாள். நான் கரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தபோது, வெங்காயம் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் கூடை ஒன்று (தொண்ணூறு ரூபாய்), கொசுவலை ஒரு மீட்டர், இறுக்கிக் கட்டும் பிளாஸ்டிக் பட்டைகள், ஒரு சிவப்பு விளக்கு (நாற்பது ரூபாய்) இருந்தன. கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் வலையைச் சுற்றி, பம்பையும் மிதவையையும் உள்ளே வைத்து நாகராஜ் இறுக்கினார். தண்ணீர் போகும், குப்பை போகாது. மிதவை எழவும் விழவும் உள்ளே இடம் இருக்க வேண்டும், அதை இரண்டு முறை பார்த்தார். பம்ப் ஓடும்போது மட்டும் எரியும்படி சிவப்பு விளக்கைக் கரையிலிருந்து தெரிகிற உயரத்தில் வைத்தார். மழையில்லாத நேரத்தில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் ஏதோ தப்பு என்று கேட் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். ஆபீஸில் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன். "நான் சொல்லிக்கிறேம்மா" என்றார்.

லலிதா பக்கெட்டில் ஏரித் தண்ணீரை மொண்டு படகுக்குள் ஊற்றினாள். நாலாவது பக்கெட்டில் பம்ப் உறுமியது. விளக்கு எரிந்தது. பக்கவாட்டுக் குழாயில் தண்ணீர் பீய்ச்சியது. வடிந்ததும் நின்றது. விளக்கு அணைந்தது. நாங்கள் முடிந்தது என்று நினைத்தோம். அவள் கரையோரம் போய் ஆகாயத்தாமரையை வேரோடு பிடுங்கிவந்து பிய்த்துப் போட்டாள். கிழிந்த கேரி பேக் ஒன்றையும் போட்டாள். மறுபடி நாலு பக்கெட். ஓடியது, நின்றது.

"இன்னொரு தபா" என்றாள்.

ஐந்து தடவை செய்தாள். புடவை இடுப்பு வரை நனைந்துவிட்டது. ஐந்து தடவையும் பம்ப் தானாக நின்றது.

கிளம்புமுன் அவன் இறங்கிய இடத்தைக் காட்டச் சொன்னாள். நாகராஜ் தயங்கினார், பிறகு மூங்கில் கழியோடு படகில் போய் அங்கே ஊன்றினார். கழி சேற்றில் வெகுதூரம் இறங்கியது. வெளியே எடுத்தபோது அதில் இரண்டு அடையாளம்: தண்ணீர் நின்ற உயரம் அவள் இடுப்பு அளவு. அதற்குக் கீழே சேறு ஏறிய கறுப்பு, அதுவும் கிட்டத்தட்ட அதே அளவு. லலிதா அந்தக் கழியின் பக்கத்தில் நின்று அளந்து பார்த்தாள்.

"தண்ணி இவ்ளோதானா" என்றாள்.

இரண்டரைக்குத் திரும்பினோம். மெட்ரோவில் ஏறியதும், கரையில் எடுத்து வைத்திருந்த, 'ஆட்டோ' நிலையில் நிற்கும் அந்தக் குமிழின் போட்டோவை சூப்பர்வைசருக்கு அனுப்பினாள். 'சார், அவர் ஆன்ல விடலை' என்று கீழே எழுதினாள். நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. இதை எழுதும் இன்றுவரை வரவில்லை. அவள் இரண்டாவது தடவை அனுப்பவும் இல்லை.

அவள் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்கு முழுதாகத் தெரியாது. சுவிட்ச் பற்றிய கேள்வி போய்விட்டது. குப்பையை அள்ளினானா என்ற கேள்வி போகவில்லை. அது போகாது. அதற்குப் பதில் தெரிந்த ஒருவன் இல்லை. எனக்கும் ஒன்று இருக்கிறது. மழை பெய்கிறது, நீச்சல் கற்றுக்கொள்ளேண்டா என்று பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட நான் அவனிடம் சொன்னதில்லை. எத்தனையோ படகுத் துறைகளைப் பற்றி உங்களுக்கெல்லாம் எழுதியிருக்கிறேன், லைஃப் ஜாக்கெட் போடுங்கள் என்று.

படகு வைத்திருப்பவர்களுக்கு, நாகராஜ் சொல்லி நான் எழுதிக்கொண்டவை: படகை விட்டுவிட்டுப் போகும்போது சுவிட்ச் ஆட்டோவில் இருக்கட்டும். ஆனால் மிதவையைக் கையால் ஒருமுறை தூக்கிவிட்டுப் பாருங்கள், பம்ப் ஓட வேண்டும், விட்டதும் நிற்க வேண்டும். அடியில் குப்பை சேரவிடாதீர்கள், வலை போடுங்கள். வெளியே தள்ளிய தண்ணீர் குழாய் வழியாகவே திரும்பி வந்து மிதவையைத் தூக்கிக்கொண்டே இருக்கும் கோளாறும் உண்டு. அப்படியானால் குழாயின் வாயை உயர்த்திக் கட்ட வேண்டும். பம்புக்கென்று தனி பேட்டரி வைக்க முடிந்தால் நல்லது. வெயில் படும் இடமென்றால் இருபது வாட் சோலார் தகடு ஒன்று, பேட்டரியை இறங்கவிடாது. எல்லாவற்றுக்கும் முன்னால் படகு எங்கே கசிகிறது என்று பார்த்து அடையுங்கள். அடிக்கடி ஓடும் பம்ப், ஓட்டை இருக்கிறது என்றுதான் சொல்கிறது.

இவ்வளவும் செய்த பிறகும் ஒருநாள் காலையில் போய்ப் பார்க்கும்போது படகு அமிழ்ந்துகொண்டிருக்கலாம். அமிழட்டும். தனியாக இறங்காதீர்கள். இடுப்பளவுதானே என்று இறங்காதீர்கள். இன்னொரு ஆள் வரும்வரை கரையில் நில்லுங்கள். குணாவின் படகை அன்று மத்தியானமே நாலு பேர் கயிறு கட்டி, அரை மணி நேரத்தில் கரைக்கு இழுத்துவிட்டார்கள்.